ஊழியர் செய்தி மடல்: பாராட்டு எழுதக் கற்றுத்தரும் ஒரு பாடம்

பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாளைத் திருத்திய எல்லாருக்கும் அந்த மடல் மனப்பாடம். கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்ற தோழனுக்கு வாழ்த்து எழுதச் சொல்லியிருப்போம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும். நீ பரிசு பெற்ற செய்தி அறிந்து அளவில்லா மகிழ்ச்சி அடைந்தேன் என்று நகரும். மேன்மேலும் வளர வாழ்த்துகிறேன் என்று முடியும். தோழன் அந்தக் கட்டுரையில் என்ன எழுதினான், அதற்காக எத்தனை நாள் நூலகத்துக்கு நடந்தான் என்பது எந்தத் தாளிலும் இராது. உறைமேல் முகவரி சரியாக இருந்தால் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கேட்டு வளரும் பாராட்டுகள் அப்படித்தான் இருக்கின்றன. நம் பள்ளிகளில் நடக்கும் பணிநிறைவுப் பாராட்டு விழாவை நினைத்துப் பாருங்கள். மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு. பிறகு ஆறேழு பேர் மேடையேறி, கடமை தவறாதவர், கண்ணியமானவர், யாரிடமும் கோபப்பட்டதே இல்லை என்பார்கள். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் ஓய்வு பெறுபவருக்கும் அந்த உரை அப்படியே பொருந்தும். முப்பது ஆண்டு ஒரே பள்ளியில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி எழுத்தில் எஞ்சுவது பணிப்பதிவேடு மட்டுமே. ஊதிய உயர்வும் விடுப்பும் அதில் இருக்கும். அவர் என்ன செய்தார் என்பது இராது.

பாராட்டு மடல் கற்பிக்க வேறு முன்மாதிரி தேடியபோது என் கைக்கு வந்தவை ஓர் அயல்நாட்டுக் கல்லூரி மாவட்டத்தின் ஊழியர் செய்தி மடல்கள். என் அக்கா மகள் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ஒரு சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது சில மடல்களைக் கொண்டுவந்தாள். ஒன்றில் அவளுடைய பெயரும் இருந்தது. பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டு நிறைந்தவர்கள் பட்டியலில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நான் மீதிப் பக்கங்களையும் படித்தேன்.

அந்த ஊர் 'மாவட்டம்'

மாவட்டம் என்றதும் ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும். இது வேறு. கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளை நடத்துவதற்கென்றே எல்லை வகுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புக்குத்தான் இந்தப் பெயர். அப்பகுதி வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு அதை நிர்வகிக்கிறது. சில மாவட்டங்களில் ஒரே கல்லூரிதான். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் 9 கல்லூரிகள். சாக்ரமென்டோ நகரைச் சுற்றியுள்ள லாஸ் ரியோஸ் மாவட்டத்தில் 4. மாநிலம் முழுவதும் 73 மாவட்டங்களும் 116 கல்லூரிகளும் இருக்கின்றன. படிப்பவர்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். இரண்டாண்டுப் படிப்பு முடித்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்பவர்களும், செவிலியர் பணி, வாகனப் பழுது என்று தொழில் கற்பவர்களும், பகலில் வேலை பார்த்து மாலையில் படிக்க வரும் நாற்பது வயதுக்காரர்களும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் 2012 முதல் ஓர் அலகுக்கு 46 டாலர்.

இந்தக் கல்லூரிகள் பள்ளிக்கூடத்திலிருந்து பிறந்தவை என்பது நமக்குச் சுவையான செய்தி. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியிலேயே மேலும் இரண்டாண்டு கற்பிக்கலாம் என்று தொடங்கியதுதான் அந்நாட்டின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி. கலிபோர்னியாவில் 1907-இல் அதற்குச் சட்டம் வந்தது. 1910-இல் பிரெஸ்னோ நகரில் முதல் கல்லூரி தொடங்கியது. இன்றும் அந்த மாநிலத்தில் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் ஒரே கல்விச் சட்டத் தொகுப்புத்தான். ஆகவே, அங்குள்ள ஊழியர் ஏற்பாடுகள் நம் பள்ளிச் சூழலுக்கு நாம் நினைப்பதைவிட நெருக்கமானவை. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நம் பக்கத்துக்கும் புதிதன்று. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டு சென்னையில் ஒன்று வந்தது. ஆனால், தேர்தல் வைத்துக் குழு அமைக்கும் 'மாவட்டம்' என்ற ஏற்பாடு இங்கு வரவில்லை.

மடலில் என்ன இருக்கிறது

முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. யார் புதிதாகச் சேர்ந்தார், யார் பதவி உயர்வு பெற்றார், எந்த வளாகத்திலிருந்து எந்த வளாகத்துக்கு மாறினார், யார் ஓய்வு பெறுகிறார், யார் மறைந்தார் என்று வரிசையாகச் செய்திகள். நியமனமும் ஓய்வும் அறங்காவலர் குழுவின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டு ஒப்புதல் பெறுபவை. அக்கூட்டங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்பது 1953 முதல் அந்த மாநிலத்தின் சட்டம். எனவே, ஒரு தோட்டப் பணியாளர் வேலைக்குச் சேர்வதும் கூட்டக் குறிப்பில் பெயரோடு ஏறுகிறது. அந்த வறண்ட பட்டியலிலிருந்துதான் மடலுக்குச் செய்தி எடுக்கிறார்கள்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் வேறுபாடு கண்ணில் பட்டது. பட்டியலில் உள்ள பெயருக்குக் கீழே இரண்டு மூன்று வரிகள். ஓய்வு பெறும் சேர்க்கைப் பிரிவு எழுத்தரைப் பற்றி அவர் நேர்மையானவர் என்று எழுதவில்லை. காகிதப் படிவங்களாக இருந்த மாணவர் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிய ஆண்டில், அவற்றைப் பிரித்து அடுக்கிய முறையை வகுத்தவர் அவர் என்று எழுதியிருந்தார்கள். ஓர் ஆய்வக உதவியாளருக்கு இருபது ஆண்டுப் பணிச் சின்னம் அணிவித்த செய்தி ஒன்று. சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய உலோக வில்லை அது. ஐந்து, பத்து, பதினைந்து என்று ஐந்தைந்து ஆண்டுகளுக்கு ஒன்று தருகிறார்கள். விலை பெரிதாக இருக்காது. அதோடு, அவர் எந்தெந்தப் பாடப்பிரிவுகளின் ஆய்வகத்தைத் தயார் செய்கிறார் என்ற ஒரு வாக்கியம்.

"இதை யார் எழுதுறா?" என்று கேட்டேன்.

"கூட வேலை பாக்குறவங்கதான் சித்தி. மேலதிகாரி எழுதுனா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்" என்றாள்.

மாநில அளவிலும் இதே முறைதான். கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளின் ஆளுநர் குழு ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கென ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறது. அதற்கு உடன் பணிபுரிவோர் முன்மொழிய வேண்டும். மாவட்ட அறங்காவலர் குழு வழிமொழிய வேண்டும். ஆசிரியர்களுக்கான ஹேவர்டு விருதுக்கு அந்தந்தக் கல்லூரியின் ஆசிரியர் அவை பெயர் அனுப்புகிறது. விண்ணப்பத்தையும் சான்றுகளையும் தானே கட்டாகக் கட்டி, தன்னைத் தானே புகழ்ந்து எழுதிக்கொள்ளும் தருமசங்கடம் இதில் இல்லை. நம் பக்கத்தில் விருதுக்கு விண்ணப்பித்த யாரைக் கேட்டாலும் அந்தச் சங்கடத்தைச் சொல்வார்கள்.

'அல்லாதவர்' என்ற பெயர்

நாம் 'ஆசிரியரல்லாப் பணியாளர்' என்கிறோம். ஒருவர் என்னவாக இல்லை என்பதைச் சொல்லி அவருக்குப் பெயர் வைத்திருக்கிறோம். கலிபோர்னியச் சட்டம் இவர்களைக் 'கிளாசிஃபைடு' ஊழியர்கள் என்கிறது. பணியிடங்களை வேலையின் தன்மைப்படி வகைப்படுத்தியிருப்பதால் வந்த பெயர். அலுவலக எழுத்தர், நூலக உதவியாளர், மின்பணியாளர், தூய்மைப் பணியாளர், காவலர், உணவகப் பணியாளர், கணினித் தொழில்நுட்பர் எல்லாரும் இதில் அடக்கம். அண்மைக் காலமாகப் பல கல்லூரிகளில் 'கிளாசிஃபைடு தொழில்முறைப் பணியாளர்' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நம்மிடம் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனதுபோல. பெயர் மாற்றம் மட்டும் ஒருவர் கையிலிருக்கும் துடைப்பத்தின் பிடியை நீளமாக்கிவிடாது என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும், கூப்பிடும் பெயரிலிருந்துதான் எதுவும் தொடங்குகிறது.

1986 முதல் மே மாதத்தின் மூன்றாவது முழு வாரம் அந்த மாநிலத்தில் கிளாசிஃபைடு பள்ளி ஊழியர் வாரம். அரசுப் பள்ளிகளும் சமுதாயக் கல்லூரிகளும் அதைக் கொண்டாடுகின்றன. ஆசிரியர் பாராட்டு வாரம் அதற்கு முன்பே, மே மாதத் தொடக்கத்தில் முடிந்துவிடும். இரண்டையும் ஒன்றாக்காமல் தனித்தனியே வைத்திருப்பது சரியென்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றாக வைத்தால் மேடையில் யார் இருப்பார்கள், யார் நாற்காலி தூக்குவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பர் 5 அன்று நம் பள்ளிகளில் நாற்காலி போடுபவர் யார் என்று பார்த்தாலே போதும்.

பாராட்டு ஈடுசெய்ய முடியாதது

மடல்களைப் படித்து நான் வியந்துகொண்டிருந்தபோது அக்கா மகள் ஒன்றைச் சுட்டிக்காட்டினாள். பக்கம் பக்கமாக ஆசிரியர் பெயர்கள் வருகின்றன. ஆனால், அந்தக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பகுதிநேர ஆசிரியர்கள். அவர்கள் பெயர் இந்த மடலில் அபூர்வமாகத்தான் வரும்.

இதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். 1988-இல் கலிபோர்னியா ஒரு பெரிய சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. கற்பிக்கும் நேரத்தில் 75 விழுக்காட்டை முழுநேர ஆசிரியர்கள் கையாள வேண்டும் என்ற இலக்கு அதில்தான் வந்தது. கல்லூரி நிர்வாகத்தில் ஆசிரியர், ஊழியர், மாணவர் கருத்துக்கு இடம் தர வேண்டும் என்பதும் அதே சட்டம். முதல் இலக்கு இன்றுவரை மாநில அளவில் எட்டப்படவில்லை. பகுதிநேர ஆசிரியர் ஒரே மாவட்டத்தில் முழுநேரப் பணிச்சுமையில் 67 விழுக்காட்டுக்கு மேல் கற்பிக்கக் கூடாது என்று ஒரு வரம்பும் உண்டு. அதனால் பலர் திங்கள் ஒரு மாவட்டம், செவ்வாய் இன்னொரு மாவட்டம் என்று காரில் ஓடுகிறார்கள். நெடுஞ்சாலையில் பறப்பவர்கள் என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே இருக்கிறது. அவர்களுக்குப் பல இடங்களில் தனி அறையில்லை. அடுத்த பருவத்துக்கு வகுப்பு உண்டா என்பதும் உறுதியில்லை. அப்படிப்பட்டவருக்கு ஒரு நன்றி அட்டையும் இனிப்பும் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்?

2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று நம் பள்ளிகளுக்கு வந்த பகுதிநேர ஆசிரியர்களோடு பணியாற்றியவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

மேலாண்மையியல் படித்தவர்கள் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரின் பெயரை அறிவார்கள். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு அவரும் சகாக்களும் 1959-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஊதியம், பணிப் பாதுகாப்பு, மேலதிகாரியின் நடத்தை போன்றவை குறைந்தால் மனக்கசப்பு வரும்; அவை சரியாக இருப்பதாலேயே ஊக்கம் வந்துவிடாது. செய்த வேலைக்கு அங்கீகாரம், சாதித்த உணர்வு, பொறுப்பு ஆகியவைதான் ஊக்கம் தருகின்றன என்றார்கள். இதை மறுத்தவர்களும் உண்டு. ஆனால், இரண்டும் வெவ்வேறு கணக்கு, ஒன்றில் வரவு வைத்து மற்றதன் கடனைத் தீர்க்க முடியாது என்ற அளவில் இது என் அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது. பாராட்டு மடல் எழுதுபவர் இந்த எல்லையை அறிந்திருந்தால் மிகையாக எழுத மாட்டார்.

வகுப்பறை உளவியல் சொல்வது

பாராட்டைப் பற்றி பி.எட். படிக்கும்போது நாம் படித்தவை பெரும்பாலும் வலுவூட்டல் பற்றிய பாடங்கள். பரிசு கொடு, நடத்தை வலுப்படும். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இதற்கு ஒரு கேள்விக்குறி போட்டது. ஏற்கெனவே வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசை கொண்ட பிள்ளைகள் அவர்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் நாடாவும் தங்க நிற நட்சத்திரமும் உள்ள சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களை வகுப்பில் வைத்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

இதைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால், 'இம்மாதச் சிறந்த பணியாளர்' என்று முறைவைத்து வழங்கும் பட்டங்களை நினைக்கும்போது இந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு மாதமும் ஒருவர் வந்தாக வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் எல்லாருக்கும் வந்துவிடும். பிறகு அதை யாரும் மதிப்பதில்லை.

இன்னோர் ஆய்வு 2010-இல் வந்தது. ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ இருவரும் செய்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி வழியே நன்கொடை திரட்டும் ஊழியர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவினரை மட்டும் இயக்குநர் நேரில் வந்து சந்தித்து, உங்கள் உழைப்புக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அந்தக் குழுவின் அழைப்புகள் 50 விழுக்காட்டுக்கு மேல் கூடின. மற்றக் குழுவில் மாற்றமில்லை. ஊதியம் கூடவில்லை, ஒரே ஒரு முறை வந்து போனதுதான். தலைமையாசிரியர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

இரண்டு வரைவுகள்

இனி எழுதும் முறைக்கு வருவோம். ஓய்வு பெறும் ஓர் ஆய்வக உதவியாளருக்கு நம் வழக்கப்படி எழுதினால் இப்படி இருக்கும்:

'நம் பள்ளியில் 22 ஆண்டுகள் ஆய்வக உதவியாளராகச் சீரிய முறையில் பணியாற்றி, அனைவரின் அன்பையும் பெற்ற அன்னாரின் சேவை மகத்தானது. அவர் நீடூழி வாழ வாழ்த்துகிறோம்.'

மடல்களைப் படித்த பிறகு என் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டிய வரைவு இது:

'செய்முறைத் தேர்வு நாளில் காலை ஏழு மணிக்கு ஆய்வகம் திறந்திருக்கும். ஒவ்வொரு மேசையிலும் பியூரெட் கழுவிக் கவிழ்த்திருக்கும். அமிலக் குப்பிகளின் பெயர்ச்சீட்டு மங்கும்போதெல்லாம் தன் கையால் புதிதாக எழுதி ஒட்டுவார். 22 ஆண்டுகளில் அந்த ஆய்வகத்தில் எந்த மாணவருக்கும் அமிலக் காயம் ஏற்பட்டதில்லை.'

இரண்டாவதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளே இதைக் கவனித்துச் சொன்னார்கள். ஒரு மாணவி, "டீச்சர், இதுல 'சிறந்த'ங்கிற சொல்லே வரல" என்றாள். அதன்பின் பாடம் தானே நடந்தது. எழுதுமுன் அவர்கள் விடை தேட வேண்டியவை என்று நான் சொன்னவை நான்கு: இவர் செய்யும் வேலைகளில் எது பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை? அவர் ஒருநாள் வராவிட்டால் எது நின்றுபோகும்? வேலையில் அவர் தாமாகக் கண்டுபிடித்த முறை ஏதாவது உண்டா? இதை நாம் யாரிடம் கேட்டு அறிந்தோம்? நான்காவது கேள்விக்கு விடையில்லாமல் எழுதியதை நான் ஏற்பதில்லை. அமிலக் காயம் பற்றிய வரியை எழுதுவதானால், பள்ளியின் பழைய அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதலாம்.

ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்தது

கடந்த பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து, எங்கள் பள்ளியின் ஆசிரியரல்லாப் பணியாளர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதினார்கள். இரண்டு பாடவேளை திட்டமிட்டேன், ஐந்து ஆனது. இளநிலை உதவியாளர், அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர், இரவுக் காவலர் என்று கணக்கெடுத்தபோதுதான் இவர்களில் மூவரின் முழுப்பெயர் வகுப்பில் யாருக்கும் தெரியாது என்பது தெரிந்தது. ஆயாம்மா, சமையல் அக்கா, வாட்ச்மேன் தாத்தா என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அன்பான பெயர்கள்தான். ஆனால், மடலில் போட முழுப்பெயர் வேண்டும் என்பதால் நேரில் போய்க் கேட்டு வந்தார்கள்.

முதல் வரைவுகளைத் திருத்தும்போது என் சிவப்பு மை பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் செலவானது. தலைமையாசிரியரைப் பற்றி எழுதும்போது 'வந்தார்', 'சொன்னார்'. இளநிலை உதவியாளருக்கும் 'ஆர்'. தூய்மைப் பணியாளரைப் பற்றி எழுதிய குழு 'கூட்டுகிறாள்', 'வருகிறாள்' என்று எழுதியிருந்தது. அவர் அந்தப் பிள்ளைகளின் பாட்டி வயதுக்காரர். வேண்டுமென்று எழுதியதன்று, கை தானாக எழுதியிருக்கிறது. நாம் இலக்கணப் பாடத்தில் பலர்பால் விகுதி என்றும், மரியாதைப் பன்மை என்றும் நடத்துகிறோம். 'ஆள்', 'ஆர்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த வகுப்பு, அதன் பொருளை அன்றுதான் பார்த்தது. ஆங்கில மடல்களில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே கல்லூரித் தலைவருக்கும் தோட்டப் பணியாளருக்கும் வினைமுற்று ஒன்றுதான். தமிழில் எழுதும்போது ஒரு விகுதியிலேயே பாராட்டு தொடங்கிவிடுகிறது, அல்லது அங்கேயே தவறிவிடுகிறது. 'எங்க அம்மாவையும் வருகிறாள்னுதானே டீச்சர் சொல்றோம்?' என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. வீட்டில் உரிமையால் வரும் 'ஆள்' வேறு, பொதுவில் எழுதும்போது தாழ்வாக ஒலிக்கும் 'ஆள்' வேறு என்று அரை மணி நேரம் பேசினோம்.

சமையலரைப் பேட்டி கண்ட குழு அருமையான செய்தி ஒன்றைக் கொண்டுவந்தது. திங்கட்கிழமைகளில் அவர் உலையில் கொஞ்சம் கூடுதல் கவனம் வைப்பாராம். சனி, ஞாயிறில் வீட்டில் சரியாகச் சாப்பிடாத பிள்ளைகள் அன்று இரண்டாம் முறை தட்டை நீட்டுவார்கள் என்பது அவர் அனுபவம். யார் யார் என்பதும் தெரியும். அவர்களைக் கூப்பிடாமல், வரிசையில் வரும்போதே முதல் கரண்டியைப் பெரிதாகப் போட்டுவிடுவாராம். மாணவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி வந்துவிட்டார்கள். பெயர்களை நீக்கினோம். ஒருவரைப் பாராட்ட இன்னொருவரின் வறுமையை ஊர் அறியச் செய்யக் கூடாது என்பதை அங்கேயே பேசி முடிவெடுத்தோம்.

அலுவலக உதவியாளர் தம்மைப் பற்றி எழுத வேண்டாம் என்றார். "எம் பேரு போர்டுல வந்தா, ஒனக்கு மட்டும் என்னன்னு நாலு பேரு கேப்பாங்க, வேணாம் தம்பி." மாணவர்களுக்கு ஏமாற்றம். அவருடைய விருப்பப்படி விட்டுவிட்டோம். பாராட்டப்படுபவரின் இசைவைக் கேட்பது மடல் எழுதும் பாடத்தில் ஒரு படி. எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டிய பிறகே வெளியிட வேண்டும். பெரியவர் ஒருவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு மாணவி உட்கார்ந்து வாசித்தாள். இரண்டு இடத்தில் அவர் திருத்தம் சொன்னார். ஓர் இடத்தில் ஆண்டு தவறு. மற்றோர் இடத்தில், மணி அடிப்பது தம் வேலையில்லை என்றார்.

எங்கே வைப்பது

நமக்கு அச்சு மடல் தேவையில்லை. முழுத்தாளில் கையால் எழுதிய சுவரிதழ் போதும். பருவத்துக்கு ஒன்று என்பது தாங்கும். மாதம் ஒன்று என்று தொடங்கினால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். மேலே பணியாளர் செய்தி: வந்தவர், மாறுதலில் போனவர், ஓய்வு பெறுபவர், பட்டம் பெற்றவர், வீட்டில் நல்லது கெட்டது நடந்தவர். கீழே ஒருவரைப் பற்றிய பத்து வரிகள். மாறுதல் கலந்தாய்வு முடிந்து பாதிப் பேர் புதியவர்களாக இருக்கும் ஜூன் மாதத்தில், யார் யார் என்று அறியவே இந்தத் தாள் உதவும். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்போடு அந்தப் பத்து வரியையும் ஒரு மாணவர் வாசிக்கலாம். ஓய்வு பெறுபவரைப் பற்றிய பக்கமானால், ஒரு படியைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டப் பதிவேட்டில் ஒட்டிவைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பள்ளியில் நிலைத்திருக்கும் ஆவணம் அதுதான். மேடையில் பேசியது பந்தலோடு போய்விடும்.

மதிப்பீட்டுக்கு: பத்தாம் வகுப்பு வாழ்த்து மடலை இப்போது நான் திருத்தும் முறையும் சற்று மாறியிருக்கிறது. வடிவத்துக்குரிய மதிப்பெண்ணில் கைவைக்க முடியாது. வகுப்புத் தேர்வில் மட்டும், தோழனின் கட்டுரையிலிருந்து ஒரு செய்தியாவது மடலில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கட்டுரையே கற்பனைதானே டீச்சர் என்று கேட்டார்கள். கற்பனை செய்யுங்கள் என்றேன். ஊர்க் கண்மாய்க் கரையில் வெட்டப்பட்ட புளியமரங்களை எண்ணி எழுதிய தோழன், பாட்டியிடம் மரப்பெயர்கள் கேட்டு எழுதிய தோழி என்று இப்போது தாள்கள் கொஞ்சம் வேறுபடுகின்றன.

அடுத்த சுவரிதழுக்கு இரவுக் காவலரைப் பற்றி எழுதுவதாகத் திட்டம். அவர் மாலை ஆறு மணிக்குத்தான் பணிக்கு வருகிறார். அந்த நேரத்தில் மாணவர்களை அழைத்துவர பெற்றோர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேள்விகளை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இரவில் பள்ளி எப்படி இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி.